ஓமத்தண்ணிக்கு அடங்காத வலி

"ஓமத்தண்ணி குடுத்திருக்கேன், சரியாப் போயிடும்" என்று காரைக்குடியில் எங்கள் எதிர்வீட்டு ஆச்சி சொன்னபோது நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் அவர்கள் மருமகள் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு துடித்தாள். வாந்தி, குளிர்காய்ச்சல் வேறு. மதுரைக்கு ஓடினோம்.

ஸ்கேனில் தெரிந்தது கல் அல்ல, புழு! நாக்குப்பூச்சி என்போமே, அந்த உருளைப்புழு. ஓரடி நீளம்கூட வளரும். குடலிலிருந்து பித்தக்குழாய்க்குள் ஏறிவிட்டதாம். பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. காஷ்மீரில் டாக்டர் குரூ குழுவினர் இப்படி 500 பேரைப் பார்த்து, 1990இல் 'லான்செட்' இதழில் எழுதியிருக்கிறார்கள்.

"வயித்தைக் கிழிக்கணுமா டாக்டர்?" என்று ஆச்சி அழுதார்கள். கத்தியே படவில்லை! வாய் வழியாக எண்டாஸ்கோப் குழாயை விட்டு, பித்தக்குழாயின் வாயில் தொங்கிய புழுவை இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டார்கள். குடலில் மிச்சமிருப்பது மறுபடி ஏறாதிருக்கப் பூச்சி மாத்திரையும் கொடுத்தார்கள்.

"பூச்சி மாத்திரை குழந்தைகளுக்குத்தானே?" என்கிறீர்களா? அந்த நினைப்புதான் தப்பு. பெரியவர்களும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடலாம். கர்ப்பிணிகள் கேட்காமல் தொடவே கூடாது. 1 முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள், தவறவிடாதீர்கள்.

புழு முட்டை மண்ணிலிருந்துதான் வருகிறது. கீரையை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். சமைக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

ஓமத்தண்ணி நல்லதுதான். ஆனால் வலது விலா வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் அடுப்படிக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!