சுத்த சங்கீதமும் துறைமுகப் பாட்டும்

சங்கீதம் சுத்தமாயிருக்க வேண்டும் என்று ஒரு சாரார் ஓயாது கூறி வருகின்றனர். ஒரு நாட்டு வாத்தியம் மற்றொரு நாட்டு வாத்தியத்தோடு சேர்ந்தால் கலப்படமாம்; தெருவில் வழங்கும் பாஷை பாட்டில் ஏறினால் கலையின் மானம் போய்விடுமாம். அண்மையில் நாம் கேட்க நேர்ந்த ஓர் இத்தாலிய இசைத்தட்டை நண்பர் சிலரிடம் புகழ்ந்தபோது, இதே ஆட்சேபணைகள் எழுந்தன. அவற்றிற்கு விடை கூறுவதே நம் நோக்கம்.

1984-இல் வெளியான அத்தட்டின் பெயர் ‘க்ரேஸா தெ மே’. மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒடுங்கிய பாதையை ஜெனோவா நகரத்தார் ‘க்ரேஸா’ என்பர். அந்நகரில் 1940-இல் பிறந்து 1999-இல் மறைந்த பாடகர் பப்ரிட்சியோ தெ ஆந்த்ரேயும், மௌரோ பகானி என்னும் வாத்தியக்காரரும் சேர்ந்து அதனை ஆக்கினர். ஏழே பாட்டுக்கள். அரபியரின் ஊத், துருக்கியரின் சாஸ், கிரேக்கரின் புசூக்கி, இத்தாலியரின் மந்தோலின் ஆகியவை அவற்றில் ஒன்றாய் ஒலிக்கின்றன. முதற்பாட்டின் இறுதியில் மீன்சந்தைக்காரர் கூவும் குரலும் கேட்கிறது. பாஷையோ, புத்தக இத்தாலியம் அன்று. ஜெனோவாவின் பழைய பேச்சு.

முதல் ஆட்சேபணை, இது கலப்படம் என்பது. கலந்ததெல்லாம் கலையாகிவிடாது என்பதை நாமும் ஒப்புகிறோம். விற்பனைக்காக நாலு நாட்டு ஓசையை அள்ளிப் போடுவோரும் உண்டு. ஆனால் இங்கே கலந்தவர் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனை ஜெனோவாக்காரர் ‘கமாலு’ என்பர். அரபியில் அவன் ‘ஹம்மால்’. இச்சொல்லை எந்தப் பண்டிதரும் சபை கூட்டிச் சேர்க்கவில்லை. கடலோடியும் கூலியாளும் தம் தொழிலோடு கொண்டு வந்தனர். பாஷையே அவ்வாறு வளர்ந்திருக்க, அதன் பாட்டில் மட்டும் ஊத் ஒலிக்கலாகாது என்பது என்ன நியாயம்?

இரண்டாவது, அது கொச்சைப் பாஷை என்பது. இவ்விஷயத்தில் இத்தாலியின் சரித்திரம் நல்ல பாடம் புகட்டும். 1922 முதல் 1943 வரை ஆண்ட முசோலினியின் ஆட்சி, வட்டாரப் பேச்சுக்களைப் பள்ளியிலும் பத்திரிகையிலும் ஒடுக்க முயன்றது. அதே ஆட்சி 1940-இல் கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அயல்நாட்டுச் சொற்களை விலக்கச் சட்டமும் இயற்றியது. அயலான் சொல்லைத் துரத்திய கைதான் சொந்தக் கிழவியின் பேச்சையும் துரத்திற்று. சுத்தம் பேசுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பார்களாக.

மூன்றாவது ஆட்சேபணையே நம்மை மிகவும் வருத்தியது. “தோட்டத்தில் கிடப்பவனுக்கு இத்தாலியப் பாட்டு எதற்கு?” என்றார் ஒருவர். நல்லது, அப்பாட்டுக்கள் எவரைப் பற்றியவை என்று அவர் கேட்டாரா? கப்பலோட்டி ஊதியம் தேட உடல்வலு இல்லாமையால், கடன்பட்டவனைத் தெருத்தெருவாய்ப் பின்தொடர்ந்து மானம் வாங்கும் வேலைக்கு வந்தவன் ஒரு பாட்டிற்குத் தலைவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உலாப்போக அனுமதி பெற்ற விலைமகளிரையும், அவர்களை ஏசும் யோக்கியர்களையும் மற்றொரு பாட்டு காட்டுகிறது. ஜெனோவாக் குடும்பத்திற் பிறந்து, துருக்கியரிடம் சிறைப்பட்டு, மதம் மாறி, 1596-இல் சுல்தானின் தலைமை அமைச்சராகவும் உயர்ந்த சினான் பாஷாவின் கதை இன்னொன்று. துரோகி என்று தூற்றியவர்களுக்கு அவன் அங்கே தன் வாயாலேயே விடை கூறுகிறான்.

‘சிதூன்’ என்னும் பாட்டு யாவற்றினும் கொடியது. 1982-இல் இஸ்ரேலியப் படை லெபனானுக்குள் புகுந்தது. அதன் தாக்குதலுக்கு ஆளான சைதா நகரில், இறந்த பிள்ளையை ஏந்திய தகப்பனின் புலம்பல் அது. அமெரிக்க அதிபர் ரீகன், இஸ்ரேலிய அமைச்சர் ஷாரோன் ஆகியோரின் ஒலிப்பதிவுக் குரல்களோடு அது தொடங்குகிறது. பெரியவர்கள் பேசி முடித்தபின் தகப்பன் அழுகிறான். அவ்வழுகை ஜெனோவாப் பேச்சில் எழுகிறது. அதனால் அது லெபனானுக்கு அந்நியமாகிவிட்டதா? ஒரே கடலின் இரு கரைகளில் வாழும் ஏழைகளுக்கு ஒருவர் துயரம் மற்றவருக்கு விளங்காது என்று கூறத் துணிபவர் யார்?

கடனும் கங்காணமும் இன்னதென அறிந்த மக்களுக்கு இப்பாட்டுக்கள் எட்டா என்பது அறியாமை. எட்டலாகாது என்பது ஆணவம். பொருள் விளங்கவில்லையெனில் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. விளங்காத பாஷையில் பாடப்படும் பாட்டிற்குச் சபையில் தலையசைக்கும் கனவான்களை நாம் கண்டிருக்கிறோம். அங்கே குற்றமாகாதது மூட்டை தூக்குவோன் பாஷையில் மட்டும் எப்படிக் குற்றமாயிற்று?

அன்பர்கள் அத்தட்டைத் தேடி ஒருமுறை முழுதும் கேட்க வேண்டுகிறோம். பிடிக்கவில்லை என்று கூற எவருக்கும் உரிமை உண்டு. நமக்கு ஆகாது என்று கேட்குமுன்னே தீர்ப்புக் கூறும் உரிமையை மட்டும் எவருக்கும் நாம் அளிப்பதற்கில்லை.