திறப்பு விழாவுக்கு மறுநாள்

கல்லூரிக் கலைக்கூடங்களிலிருந்து நமக்கு வரும் அழைப்பிதழ்களுக்கு ஒரே முகச்சாயல். தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், குத்துவிளக்கேற்றுபவர், வாழ்த்திப் பேசுபவர் என்று வரிசை நீளும். கண்காட்சி எத்தனை நாள், கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. விழா முடிந்து பொன்னாடைகள் காரில் ஏறிவிட்டால், மறுநாள் அந்தக் கூடத்தில் மின்விசிறியும் வாட்ச்மேனும்தான் மிச்சம். ஒரு வாரத்தில் படங்கள் இறங்கும். அடுத்த அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்.

விழாவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் தலைமுறையாக ஓவியம் படிக்க வந்த ஒரு பெண்ணின் பெற்றோருக்கு, மகள் பெயரை அழைப்பிதழில் பார்ப்பது சின்ன விஷயமில்லை. நம் வருத்தமெல்லாம், கூடத்தின் உழைப்பும் பணமும் ஒரே மாலையில் தீர்ந்துபோகின்றனவே என்பதுதான். ஆண்டுக்கு எத்தனை கண்காட்சி நடத்தினீர்கள் என்று கேட்கும் படிவங்கள் ஏராளம். தரமதிப்பீட்டுக் குழு வரும்போது அந்த எண்ணிக்கை கைகொடுக்கும். ஒரு படத்தின் முன் யாராவது கால் மணி நேரம் நின்றார்களா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. கேட்காததால் நாமும் அதை மறந்துவிட்டோம்.

கல்லூரிக் கூடத்துக்கு வேறு எந்தக் கூடத்துக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. தனியார் கேலரிக்கு வாங்குபவர் வருகிறார், விலை கேட்கிறார், போகிறார். பெரிய அருங்காட்சியகத்துக்கு வருபவர்களில் பலர் சுற்றுலாப் பேருந்து கிளம்புவதற்குள் எல்லாக் கூடங்களையும் பார்த்து முடிக்க வேண்டியவர்கள். கல்லூரியிலோ அதே முகங்கள் நான்கு ஆண்டுகள், முதுகலையும் சேர்த்தால் ஆறு ஆண்டுகள், அதே வாசலைக் கடந்து போகின்றன. திங்களன்று பிடிக்காத படத்தை வெள்ளியன்று திரும்பப் பார்க்கலாம். ஆசிரியர் வகுப்பையே அங்கு கொண்டுபோகலாம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துத் திட்டமிடாத கல்லூரிக் கூடம் வெறும் வாடகையில்லாத கேலரிதான்.

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒரே படைப்பின் முன் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். கண்ணில் படுவதையும் மனத்தில் எழும் கேள்வியையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் முதலில் முரண்டு பிடிப்பார்களாம். 2013இல் எழுதிய கட்டுரையில், தானே அப்படி உட்கார்ந்து பார்த்ததையும் அவர் விவரிக்கிறார். படம், ஜான் சிங்கிள்டன் கோப்ளி 1765இல் வரைந்தது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சிறுவன், மெல்லிய சங்கிலியில் கட்டிய பறக்கும் அணில், மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை. சிறுவனின் காதும் அணிலின் வயிற்றோர மயிர் வரியும் ஒரே வடிவம் என்று தெரிய அவருக்கு 9 நிமிடம் ஆனது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் இடைவெளி, கீழே உள்ள குவளையின் விட்டத்துக்குச் சமம் என்று பிடிபட 21 நிமிடம். பின்னணித் திரைச்சீலையின் சுருக்கங்களுக்கும் காதுக்கும் கண்ணுக்கும் உள்ள ஒற்றுமை தெரிய முக்கால் மணி நேரம். பழகிய கண்ணுக்கே இவ்வளவு நேரம் பிடிக்கிறது. அப்படியானால் நம் கூடங்களில் எத்தனையில் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைவிடத் துணிச்சலான ஏற்பாடு ஒன்று, ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் 1940 முதல் நடந்துவருகிறது. அங்குள்ள ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகம் 1917இல், காஸ் கில்பர்ட் வடிவமைத்த கட்டடத்தில் திறக்கப்பட்டது. சிற்றூர்க் கல்லூரி ஒன்றில் இப்படி ஒரு தொகுப்பா என்று வியக்க வைக்கும் இடம் அது. கலை நூலகராக இருந்து பின்னர் அங்கேயே நவீனக் கலை கற்பித்த எல்லன் ஜான்சன் தொடங்கிய திட்டத்தின்படி, மாணவர் எவரும் அசல் கலைப்படைப்பை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தன் விடுதி அறையில் மாட்டிக்கொள்ளலாம். வாடகை ஒரு படைப்புக்கு 5 டாலர். ஒருவருக்கு இரண்டு வரை கிடைக்கும். இதற்கென்றே சில நூறு படைப்புகளைத் தனியாக வைத்திருக்கிறார்கள். பிக்காசோ, ஷாகால், வார்ஹோல் எல்லாம் அதில் உண்டு. வாடகை நாளுக்கு முந்திய இரவே மாணவர்கள் போர்வை, தலையணையோடு வந்து வரிசையில் படுத்துவிடுகிறார்கள். உச்ச நட்சத்திரத்தின் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு லித்தோகிராப்புக்காக அப்படி ஒரு கூட்டம் கூடுகிறது.

அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கலை மாணவர்கள் அல்லர். வேதியியல், இசை, பொருளாதாரம் படிப்பவர்கள், தங்களுக்குப் பிடித்தது எது என்று முன்கூட்டியே யோசித்து, அது போய்விட்டால் அடுத்தது எது என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தேர்வு செய்வதே ஒரு பாடம். நம் கண்காட்சிகளில் பார்வையாளர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிறகு அந்தப் படத்தோடு ஒரு பருவம் முழுக்கக் குடியிருக்க வேண்டும். காலையில் பல் துலக்கிவிட்டு வரும்போதும், தேர்வுக்கு முந்திய இரவிலும், அறைத்தோழர் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கும்போதும் அது சுவரில் இருக்கும். எந்தக் கருத்தரங்கும் இதற்கு ஈடில்லை என்பது என் கருத்து. எம்.ஐ.டி., வில்லியம்ஸ் போன்ற இடங்களும் இதே போன்ற இரவல் திட்டங்களை நடத்துகின்றன.

எல்லன் ஜான்சன் வெறும் வாடகைத் திட்டத்தோடு நின்றவரில்லை. 1960களில் நியூயார்க்கிலேயே பேர் எடுக்காதிருந்த இளையவர்களை அந்தச் சிற்றூருக்கு அழைத்துக் காட்சி வைத்தார். கிளாஸ் ஓல்டன்பர்க் 1970இல் செய்த பிரம்மாண்டமான மின்சார பிளக், அருங்காட்சியகத்தின் புல்வெளியில் பாதி புதைந்த நிலையில் இன்றும் கிடக்கிறது. தான் வாங்கி மீட்டெடுத்த ஃபிராங்க் லாய்ட் ரைட் வீட்டையும் கல்லூரிக்கே விட்டுச் சென்றார். ஒரு நூலகருக்கு இவ்வளவு இடம் கொடுத்த நிர்வாகத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் ஊரில் நடக்குமா? படம் காணாமல் போகும், உடையும், பூஞ்சை பிடிக்கும் என்ற பதில்கள் உடனே வரும். மூன்றும் நியாயமான கவலைகளே. ஆனால் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். பிரிண்ட்மேக்கிங் நடக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர்கள் எச்சிங், லினோகட், லித்தோ என்று எடிஷன் போடுகிறார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் கையெழுத்திட்ட ஒரு பிரதியைக் கல்லூரி வாங்கி வைத்தால், சில ஆண்டுகளில் இரவலுக்குத் தோதான தொகுப்பு தானாகச் சேரும். ஒன்று கெட்டாலும் அதன் உடன்பிறப்புகள் வேறிடத்தில் இருக்கும். பிரதி கல்லூரிக்கு வந்தாலும் பதிப்புரிமை மாணவருடையதே. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையை மாற்ற எழுத்து வேண்டும். ஆகவே ஒரு பக்கத் தாளில் இதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிரேமில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக், பின்புறம் இருப்பு எண், வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் ஒரு செல்போன் படமும் இரண்டு வரிக் குறிப்பும் போதும். அமிலமற்ற மவுண்ட் போர்டு விலைதான். ஆனால் சென்னையின் ஐப்பசி ஈரத்தில் சாதாரண அட்டைக்குள் வைத்த காகிதம் என்னவாகும் என்பது இந்த இதழை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காகிதப் படைப்புக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்ற விதியையும் கூடவே நினைவூட்டிவிடுகிறேன். நம் கூடங்களில் நேரடி வெயில் விழும் சன்னலுக்கு எதிர்ச் சுவரில்தான் நீர்வண்ண ஓவியங்கள் தொங்குகின்றன.

பதிவேடு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். படைப்புகளுக்கென்று ஒரு பதிவேடு இல்லாத இடத்தில், ஓவியம் மேசை நாற்காலிகளோடு சேர்ந்து டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும். பிறகு அது கழிவு நீக்கப் பட்டியலுக்கும் அதே வழியில் போகும். ஓவியரின் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு, எந்த வகுப்பில் செய்தது என்று ஐந்தாறு பத்திகள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் இதைத் தடுத்துவிடும்.

கல்லூரிக் கூடம் வரலாற்றையே திருப்பியதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கல்கத்தா அரசுக் கலைப் பள்ளியோடு சேர்ந்த கலைக்கூடம் 1876இல் உருவானது. மாணவர் பார்த்துப் பழக ஐரோப்பிய ஓவியங்கள் அங்கே தொங்கின. சென்னைக் கலைப் பள்ளியில் 1884 முதல் பொறுப்பிலிருந்த ஈ.பி. ஹேவல் 1896இல் கல்கத்தா போனார். போனவர் ஐரோப்பியப் படங்களைப் படிப்படியாக விலக்கி, முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்களை வாங்கினார். எதிர்ப்பு பலமாக எழுந்தது; தரமான மேற்கத்தியக் கல்வியை வெள்ளைக்காரரே தங்களிடமிருந்து பறிக்கிறார் என்று பலர் நினைத்தார்கள். அந்தக் கூடத்தில்தான் அபனீந்திரநாத் தாகூர் ஒரு முகலாயப் பறவை ஓவியத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இறகு இறகாகத் தெரிந்த அந்த வேலைப்பாடு தன்னை என்ன செய்தது என்பதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹேவலின் கலைக் கொள்கைகளோடு நமக்கு ஆயிரம் பிணக்கு இருக்கலாம். ஒரு ஆசிரியர், ஒரு படம், கையில் ஒரு கண்ணாடி, அவசரமில்லாத ஒரு பிற்பகல் என்ற ஏற்பாட்டோடு பிணக்கு இருக்க முடியாது. அதே ஹேவல் முன்பு பொறுப்பிலிருந்த சென்னைப் பள்ளி 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். அங்கே படித்து வெளியேறிய ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரே ஒரு தாள் வாங்கி வைத்திருந்தால் அது இன்று எப்படிப்பட்ட தொகுப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி பொதுமக்கள். ‘பொதுமக்கள் பார்வைக்கு’ என்று பலகை வைத்துவிட்டுக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்து, ஞாயிறு பூட்டினால் வேலைக்குப் போகிற யாரும் வர முடியாது. ஓபர்லினில் மாதத்தின் முதல் வியாழன் இரவு வரை திறந்துவைத்து நிகழ்ச்சி நடத்துகிறார்கள். மாணவர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் பிறந்த நாளையொட்டி டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் நந்தன் மேளாவில், கலா பவன் மாணவர்களும் ஆசிரியர்களும் செய்தவற்றை ஊரே வந்து வாங்குகிறது. வரும் பணம் மாணவர் நல நிதிக்குப் போகிறது. பரோடாவின் நுண்கலைப் புலத்தில் கே.ஜி. சுப்ரமணியன் போன்றவர்கள் 1960களில் வளர்த்தெடுத்த கலைச் சந்தையில் பொம்மையும் முகமூடியும் விற்றார்கள். குழந்தையோடு வந்த குடும்பங்கள் பயமில்லாமல் உள்ளே நுழைந்தன. வாசலில் தயங்குவதுதான் நம் முக்கியச் சிக்கல். கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை என்றால், யாரும் அவரை அழைக்கவில்லை என்று பொருள்.

லேபிள்களும் இந்தத் தயக்கத்துக்கு உடந்தை. ‘பெயரிடப்படாதது, கலப்பு ஊடகம்’ என்பதோடு பல லேபிள்கள் முடிந்துவிடுகின்றன. மற்றவற்றில் ஓவியரே எழுதிய, அவருக்கே இரண்டாம் முறை புரியாத ஒரு பத்தி. நல்ல தமிழில் நாற்பது சொற்கள்: எதில் செய்தது, எப்படிச் செய்தது, எங்கே முதலில் பார்க்கலாம். இதை இன்னொரு துறை மாணவரை விட்டு எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. படைத்தவரும் எழுதியவரும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அதுவும் பொது நிகழ்ச்சிதான்.

நிர்வாகத்தின் கண்ணில் கூடம் என்னவாகத் தெரிகிறது என்பது நம் கையில்தான் ஓரளவு இருக்கிறது. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழக அறங்காவலர்கள் 2009 ஜனவரியில், நிதி நெருக்கடியைக் காட்டி, தங்கள் ரோஸ் கலை அருங்காட்சியகத்தை மூடித் தொகுப்பை விற்க முடிவெடுத்தார்கள். மாணவர், ஆசிரியர், கொடையாளர் எதிர்ப்பும் வழக்கும் சேர்ந்து அதைத் தடுத்தன. ராண்டால்ஃப் கல்லூரியில் தடுக்க முடியவில்லை: ஜார்ஜ் பெல்லோஸின் துறைமுகத் தொழிலாளர் ஓவியம் 2014இல் 2.55 கோடி டாலருக்கு லண்டன் தேசிய கேலரிக்குப் போனது. நம் கூடங்களில் அந்த விலைக்கு எதுவும் இல்லை, இடம் இருக்கிறது. தேர்வு அறைக்கும் கணினி ஆய்வகத்துக்கும் எப்போதும் இடத் தட்டுப்பாடு. வாரத்தில் ஆறு நாள் பூட்டியிருக்கும் ஒரு பெரிய அறைக்காக வாதாட வருவதற்கு ஆள் கிடைக்காது. மூன்று துறைகள் அங்கே வகுப்பு எடுக்கின்றன என்றால் கதை வேறு.

ஆகவே துறைத்தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் ஒரு கண்காட்சியைக் குறைத்துவிடுங்கள். மிச்சப்படும் அழைப்பிதழ், பேனர், பொன்னாடைச் செலவை, ஞாயிறு மாலையும் கூடத்தைத் திறந்துவைக்கும் இரண்டு மாணவர்களுக்கு மதிப்பூதியமாகக் கொடுங்கள். ஒரு வாரக் கண்காட்சியை ஐந்து வாரமாக்குங்கள். நான்கு ஸ்டூல் வாங்குங்கள். வருகையாளர் குறிப்பேட்டில் பெயர், ஊர், கருத்து என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் ‘இதே கண்காட்சிக்கு முன்பு வந்ததுண்டா?’ என்று நான்காவதாக ஒன்று போடுங்கள். பருவம் முடிந்ததும் அந்தப் பத்தியின் கணக்கை மட்டும் எங்களுக்கு அனுப்பினால் போதும். கல்லூரிவாரியாக அதை இங்கே வெளியிடுவோம்.