வேர்க்குரு இல்லை, விஷப்பூண்டு!

 

வருஷா வருஷம் வெயிலில் இறங்கினதும் முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து அரிக்கிறதா? 'சூட்டுக் கொப்புளம், இளநீர் குடி' என்று அனுப்பிவிடுகிறார்கள். எல்லா அரிப்பும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து பிளாட்டில் இடுப்பளவு நிற்கிற பார்த்தீனியத்தை யாராவது எட்டிப் பார்த்தார்களா?

1950களில் புனே பக்கம் தலைகாட்டிய செடி இது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். காய்ந்த தூள் காற்றில் வந்து தோலில் ஒட்டும். வெயில் பட்டால் பலருக்கு இன்னும் மோசம். நாள்பட்டால் சிலருக்கு வெயிலே ஆகாமல் போய்விடும். வெயிலில் நிற்க முடியாதவன் எப்படி ஏர் பிடிப்பான், நாற்று நடுவான்?

பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, பட்டாபிராம் பக்கம் ஏரிப் பாசன நிலத்தை வாங்கி, கல் நட்டு, விலை ஏறட்டும் என்று போட்டுவிட்டுப் போனவர்களுக்கு அரிக்காது. அரிப்பு நமக்கு!

சட்டம் இல்லையா? 1919ஆம் ஆண்டின் வேளாண் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கேடான களை என்று அரசு அறிவித்தால் நிலம் வைத்திருப்பவரே அழிக்கவேண்டும். கர்நாடகம் 1975இலேயே பார்த்தீனியத்தை அப்படி அறிவித்தது.

அரசே! பிளாட்காரர்களுக்கு நோட்டீஸ் கொடு! வெறுங்கையால் பிடுங்கச் சொல்லாதே, கையுறை கொடு! ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாரம் ஒருநாள் தோல் டாக்டரை அனுப்பு! பூ விடுவதற்கு முன்னால் வேரோடு பிடுங்கு!