திரும்பி வராத விமானங்கள்

தென்னாட்டின் படத்தை விரித்து, திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் நடுவே அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுங்கள். அது ஏறக்குறையச் சங்கரன்கோவிலின் தலைக்கு மேலேயே போகும். அந்த ஊர்ச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அந்த நாள் விமானங்களில் இரண்டே யந்திரந்தானே? ஒன்று நின்றுபோனால் பிரயாணிகளின் கதி என்ன?”

நியாயமான கேள்வி. விமானம் செய்தவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் செய்தார்கள். 1935 டிசம்பர் 17-ந் தேதி முதன்முதலில் பறந்தது டக்ளஸ் கம்பெனியின் விமானம். நாம் டகோட்டா என்று அழைத்தது அதைத்தான். ஒரு யந்திரம் ஓய்ந்தாலும் மற்றதன் பலத்தில் அது பறக்கும். யுத்தத்தில் மிஞ்சியவற்றை நம் நாட்டுக் கம்பெனிகள் வாங்கிப் பிரயாணிகளை ஏற்றின. இன்று நாம் ஏறும் விமானங்களிலும் பெரும்பாலும் இரண்டே யந்திரந்தான்!

அபாயம் வேறிடத்தில் இருந்தது. டகோட்டாவுக்குள் காற்றழுத்தத்தைக் காக்கும் வசதி கிடையாது. ஆகவே மேகங்களுக்கு மேலே வெகு உயரத்தில் போக முடியாது. மலைகளின் உயரத்திலேயே, மேகத்தின் ஊடே போக வேண்டும். 1950 டிசம்பர் 13-ந் தேதி, ஏர் இந்தியா டகோட்டா ஒன்று வழி பிசகி, கோத்தகிரிக்கு அருகே நீலகிரி மலையில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் அமெரிக்கப் பேராசிரியர் ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் இருந்தார்கள். வால்ட் புள்ளியியல் மேதை. யுத்த காலத்தில், குண்டு துளைத்துத் திரும்பிய விமானங்களைப் பற்றிக் கணக்குப் போட்டவர். துளை மிகுந்த இடத்தில்தானே கவசம் போட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அவர் கணக்கோ நேர்மாறு. அங்கே அடிபட்டும் விமானம் திரும்பி வந்துவிட்டதே! துளையே காணாத இடத்தில் அடிபட்டவை அல்லவா திரும்பாமல் போயின? கவசம் அங்கேதான் வேண்டும். விமானங்களைக் காக்க வழி சொன்னவரை ஒரு விமானமே கொண்டுபோய்விட்டது.

மேலே சொன்ன கோட்டுக்கு இப்போது வாருங்கள். 1971 டிசம்பர் 9-ந் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஆவ்ரோ விமானம், கோட்டை விட்டு மேற்கே வெகுதூரத்தில், சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. அதற்கும் இரண்டு யந்திரங்கள். 31 பேரில் 21 பேர் மாண்டார்கள். இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்த பிறகுதான், தரை நெருங்கினால் கூவி எச்சரிக்கும் கருவி 1970-களில் விமானங்களில் ஏறியது. திரும்பி வராதவர்கள் நமக்கு விட்டுச் சென்ற கவசம் அது.

வீட்டிலும் இது உண்டு. “பத்து வருஷமாக அடுப்புக்கு இதே ரப்பர் குழாய்தான், ஒன்றும் ஆகவில்லையே!” என்கிறோம். அப்படிச் சொல்ல முடிகிறவர்கள் எல்லாரும் திரும்பி வந்த விமானங்கள், சகோதரி. குழாயை மாற்றிவிடுங்கள்.