மேகத்தின்மீது மட்டும் பழி போடலாமா?

2024 மே 10ஆம் நாள் இரவு லடாக்கின் ஹான்லே வானம் சிவந்த படங்கள் மறுநாள் எல்லாருடைய கைப்பேசிகளிலும் வலம்வந்தன. அன்று மாலையே திருப்பதியில் எனக்குத் தெரிந்த இளநிலை ஆய்வாளர் சிலர், துருவ ஒளி இங்கும் தெரியுமோ என்ற ஆவலில் விடுதியின் மொட்டை மாடிக்கு ஏறினர். கோடைமேகம் வானை மூடியிருந்தது. நள்ளிரவுவரை காத்திருந்துவிட்டு, "மேகம் கெடுத்துவிட்டது" என்று சொல்லி இறங்கினர். அவர்களுடைய ஆவலில் எனக்குக் குறை தோன்றவில்லை. அந்த முடிவுரையோடுதான் உடன்பாடில்லை.

மேகம் இல்லாதிருந்தாலும் அவர்கள் கண்டிருக்கப்போவது விண்மீன்களை மட்டுமே. சூரியனிலிருந்து வரும் மின்துகள்களைப் புவியின் காந்தப்புலம் துருவப் பகுதிகளை நோக்கித் திருப்புகிறது. அங்கே அவை உயரத்திலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களோடும் மூலக்கூறுகளோடும் மோதும்போது ஒளி பிறக்கிறது. நாம் இருப்பதோ ஏறத்தாழ 13.6 பாகை வட அகலாங்கில். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டியே செல்கிறது. ஹான்லேயிலும் 200 கிலோமீட்டருக்கு மேலிருந்து வந்த மங்கலான செவ்வொளியைப் பதிவு செய்தவை நெடுநேரம் திறந்திருந்த கேமராக்களே. இருளில் மனிதக் கண் சிவப்பை எளிதில் உணர்வதில்லை.

அப்படியானால் இங்கே எதுவும் நிகழவில்லை என்று சொல்லலாமா? அதுவும் தவறு. 2003க்குப் பின் மிகக் கடுமையான ஜி5 நிலையை எட்டிய முதல் காந்தப்புயல் அது. அதன் அதிர்வு புவி முழுவதற்கும் உரியது. நம் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அப்புயலின் சூரியக் காற்றைப் பதிவு செய்தது. சித்தூர்ச் சாலையில் உள்ள காதங்கியின் தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1024 அலைவாங்கிகள் கொண்ட ரேடார் ஒன்று 53 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளை மேல்நோக்கி அனுப்புகிறது. அவ்வலைகளுக்கு மேகம் ஒரு பொருட்டன்று. அதே வளாகத்திலுள்ள லைடாரோ ஒளியால் இயங்குவது. அடர்மேகம் வந்தால் அதன் பணி நின்றுவிடும். ஒரே வானின்கீழ் ஒரு கருவிக்குத் தடையாவது மற்றொன்றுக்குத் தடையாவதில்லை. ஆகவே நாம் கேட்க வேண்டியது, "மேகம் இருந்ததா?" என்பதைக் காட்டிலும், "எதைக் கொண்டு பார்த்தோம்?" என்பதே.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1859 செப்டம்பர் 2 அன்று, மழைக்காலத்துப் பம்பாயில், முற்பகல் வேளையில், கொலாபா ஆய்வகத்துப் பணியாளர்கள் காந்தமானியின் அளவுகளைக் கையால் குறித்துக்கொண்டிருந்தனர். துருவ ஒளியைக் காண அவர்களுக்கு வழியே இல்லை. ஆயினும் ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா அளவிலான வீழ்ச்சி அவர்களுடைய ஏட்டில் ஏறியது. 144 ஆண்டுகள் கழித்து, 2003இல், லகினா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைக் கொண்டே கேரிங்டன் புயலின் கடுமையை மதிப்பிட்டனர். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நாளில், கடமைக்காக எழுதிய எண்கள் அவை.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தமிழில் 'பார்' என்பது காட்சியை மட்டும் குறிக்கும் வினையன்று. 'கேட்டுப் பார்', 'எழுதிப் பார்' என்று துணைவினையாக வரும்போது அது முயற்சியைக் குறிக்கிறது. தெலுங்கின் 'சூடு'வும் அப்படியே. "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நாம் சொல்வதை, இதே சித்தூர் மண்ணில் பக்கத்து வீட்டார் "இல்லு கட்டி சூடு, பெள்ளி சேசி சூடு" என்பர். இரு மொழிகளிலும் பார்த்தலும் முயல்தலும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

நம் பல்கலைக்கழகங்களோ இந்த இரண்டையும் பிரித்துவிட்டன. கண்டதற்கு மட்டுமே ஆய்வேட்டில் இடம் உண்டு. முயன்றும் காணாதது கோப்பிலேயே மடிகிறது. என் களப்பணிக் குறிப்பேட்டில், "இச்சொல் இவ்வூரில் கிடைக்கவில்லை" என்ற பதிவுகள் பல உள்ளன. அட்டவணை நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவற்றை நீக்கிவிட எனக்கும் ஆசை எழுந்தது. நீக்கியிருந்தால், அந்த ஊரில் யாரும் கேட்கவே இல்லை என்பதும், கேட்டும் கிடைக்கவில்லை என்பதும் ஒன்றாகிப் போயிருக்கும். அடுத்து வருபவர் அதே ஊருக்கு அதே கேள்வியோடு மீண்டும் நடப்பார். நேர்மையான ஆய்வுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

ஆகவே, மாடியேறிய தம்பி தங்கைகளுக்கு நான் சொன்னது இதுதான்: அன்றைய நாள், நேரம், மேகத்தின் அளவு, நோக்கிய திசை ஆகியவற்றை எழுதிவையுங்கள். கீழே, "தெரியவில்லை, இந்த அகலாங்கில் தெரிய வாய்ப்பும் இல்லை" என்று காரணத்தோடு சேருங்கள். அடுத்த புயலின்போது மாடிக்கு ஏறுமுன் காந்தமானிகளின் பதிவுகளைத் திறந்து பாருங்கள். மேகத்தைக் குறைசொல்லி இறங்கியவருக்கு அந்த இரவில் எதுவும் மிஞ்சாது. எழுதிவைத்தவருக்கு ஒரு தரவாவது மிஞ்சும்.