சர்டிபிகேட் என்ன அடகுப் பொருளா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்கள் நீங்கள், இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே வந்தால் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பள்ளி மாறும் காலம். என்னிடம் படித்து, பி.எட். முடித்து, ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில், நெய்வேலி என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எனக்குப் போன் செய்வது இந்த மாதங்களில்தான். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. "சார், வேற ஸ்கூல்ல கூப்பிடறாங்க. இங்க ஒரிஜினலைத் தர மாட்டேங்கறாங்க. என்ன சார் பண்றது?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேரும் ஆசிரியரிடம் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பது அநியாயம். ஊர் வழக்கம் என்று அதை நாம் ஏற்றுக்கொண்டது அதைவிட மோசம். தகராறு வந்தபிறகு என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். தகராறுக்கான வேலை, சேருகிற அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும்.

என் மாணவி ஒருத்தி. எம்.ஏ., பி.எட். ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் எடுத்தாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவள் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். பள்ளியில் போய்க் கேட்டால், "வருஷ நடுவுல போறீங்க, மூணு மாச சம்பளம் கட்டிட்டு வாங்கிக்குங்க" என்றார்கள். நாலு நாள்தான் இருந்தது. கழுத்துச் சங்கிலியை வங்கியில் வைத்துப் பணம் கட்டி, சான்றிதழை மீட்டுக்கொண்டு ஓடினாள். கடைசிப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. பழைய வேலையும் போனது. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

அவள் ஒரு வார்த்தை சொன்னாள், மறக்க முடியவில்லை. "நகைக்கு பேங்க்ல ரசீது குடுத்தாங்க சார். சர்டிபிகேட்டுக்கு ஸ்கூல்ல அதுகூட குடுக்கல."

பள்ளி நடத்துபவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஜனவரியில் பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் "நாளையிலிருந்து வர மாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டுப் போனால், பாதிக்கப்படுவது பிள்ளைகள். அப்படிப் போவது தவறு. என் மாணவர்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். ஆனால் அதற்கு மருந்து, ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னறிவிப்பு என்று ஆர்டரில் எழுதி, இரண்டு பக்கமும் அதை மதிப்பது. ஒருவருடைய பதினேழு வருடப் படிப்பைப் பூட்டி வைப்பது மருந்தாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 171-ஆவது பிரிவு. பாக்கி வரவேண்டியிருக்கும்போது, பொதுவாகப் பிறர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று அதில் இருக்கிறது. வங்கியாளர், சரக்கு முகவர், துறைமுகக் கிடங்கு நடத்துபவர், உயர் நீதிமன்ற வழக்கறிஞர், காப்பீட்டுத் தரகர். ஐந்து பேர். மற்றவர்களுக்கு அந்த உரிமை வேண்டுமென்றால் அப்படி ஒப்பந்தம் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் பள்ளி கரஸ்பாண்டன்ட் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கு இல்லை, அதைப் பிணையமாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அதற்காக, "பாண்ட் எழுதிக் கொடுத்தால் செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விருப்பமில்லாத ஆளை வேலை செய்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஆனால் நஷ்ட ஈடு கேட்க முடியும். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. புதிதாக ஆள் எடுக்க அந்த வங்கிக்கு ஆகும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே, போட்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. போடுவதற்கு முன் படியுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் "கேள்வியை இரண்டு முறை படி" என்று சொல்லித் தரும் நாம், நம் ஆர்டரை ஒரு முறைகூடப் படிப்பதில்லை.

அடுத்தது, நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம். விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் சூளை போடும் தொழிலாளியை முதலாளி திடீரென்று நிறுத்தினால், அவர் தொழிலாளர் துறைக்குப் போகலாம், தொழில் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அவருடைய மகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சரை நிறுத்தினால், அந்த வழி டீச்சருக்கு இல்லை. சுந்தராம்பாள் என்ற ஆசிரியை, கோவாவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தவர், பணிநீக்கம் செய்யப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1988-இல் தீர்ப்பு வந்தது. பள்ளி ஒரு தொழில் அமைப்புதான், ஆனால் ஆசிரியர் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம் சொல்லும் 'தொழிலாளி' இல்லை என்றார்கள். கற்பிப்பது உயர்ந்த பணியாம். ஆசிரியர்களின் குறைகளைக் கேட்கத் தனி ஏற்பாடு செய்வது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு சுட்டிக் காட்டியது. இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் 'தொழிலாளி' என்பதற்கான விளக்கத்தில் ஆசிரியர் என்ற சொல் இல்லை. உயர்ந்த பணி என்று மாலை போட்டார்கள். சண்டை போட வாசலைக் காட்டவில்லை.

ஆனால் எல்லா வாசலும் மூடவில்லை. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. இப்போது 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கான 2023 விதிகளும் இருக்கின்றன. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். மனுவை அவரிடம் கொடுக்கலாம்.

பணிக்கொடையையும், அதாவது கிராஜுவிட்டியையும், விட்டுவிடாதீர்கள். ஆசிரியர்களுக்கு அது கிடையாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே உண்டு என்றது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்துவைத்தது. பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கணக்கில் வரும் கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குங்கள். 13,000 ரூபாய் சம்பளம், எட்டு வருடம் என்றால் 60,000 ரூபாய். நம்ம ஊரில் எத்தனை டீச்சர்கள் இதைக் கேட்காமலே ஒரு சால்வையும் குரூப் போட்டோவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், நினைத்துப் பாருங்கள்.

இப்போது வெளிநாட்டுக் கதை. எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் எத்தியோப்பியா, நைஜீரியா, மாலத்தீவு என்று போனார்கள். இப்போது உறவில் ஒரு பிள்ளை, "மாமா, சீனாவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை, ஏஜென்ட் சொல்றார்" என்று கேட்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சீனாவில் 2008 ஜனவரி 1 முதல் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9-ஆவது பிரிவு, வேலை கொடுப்பவர் அடையாள அட்டையையோ மற்ற சான்றிதழ்களையோ பிடித்து வைக்கக் கூடாது, பிணையம் கேட்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. தகராறு வந்தால் முதலில் தொழிலாளர் நடுவர் குழு. ஓராண்டுக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் நம் டீச்சரைவிட அங்குள்ள டீச்சருக்கு வழி நேர்.

ஆனால் முறையான வேலை அனுமதி இருந்தால்தான் அந்த வழி திறக்கும். வேலைக்கான விசா இசட் விசா. ஆங்கில மொழி கற்பிக்க, பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளின் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி கிடைப்பது கடினம். அதனால்தான் ஏஜென்ட், "பிசினஸ் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். அப்படிப் போனால், சம்பளம் தராவிட்டாலும் வழக்குப் போடுவது கடினம். அங்கே வேலை செய்ததே குற்றமாகிவிடும். ஒப்பந்தம் இரண்டு மொழியில் இருந்தால், எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் சீன மொழிப் பிரதிதான். ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. 2021 ஜூலையில் சீன அரசு டியூஷன் நிறுவனங்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டதும், பெரிய பெரிய நிறுவனங்களே ஆட்டம் கண்டன. ஏராளமான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூடிவிட்ட நிறுவனத்திடம் சம்பளப் பாக்கி வாங்குவது குதிரைக் கொம்பு. திரும்பி வர டிக்கெட் காசு உங்கள் கணக்கில் எப்போதும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அது இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. சிக்கல் என்றால் பெய்ஜிங் தூதரகம், ஷாங்காய், குவாங்சோ துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம்.

உள்ளூரோ வெளிநாடோ, இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

1. ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், கையோடு திரும்ப வாங்குங்கள். கையொப்பமிட்ட ஜெராக்ஸ் போதும். கொடுத்தே தீரவேண்டிய நிலை என்றால், எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்ணோடு எழுதி, தேதி போட்டு, பள்ளி முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

2. எழுதாத தாளிலும், எழுதாத முத்திரைத் தாளிலும், தொகை போடாத காசோலையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேளுங்கள். தரவில்லையென்றால் சம்பளம் வங்கி வழியாக வரட்டும். பி.எஃப். பிடித்தால் பாஸ்புக்கைப் பாருங்கள். நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அதுவும் சாட்சி.

4. விலகும்போது கடிதமாகக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். வாயால் நூறு முறை கேட்டதைவிட ஒரு தபாலுக்குப் பலம் அதிகம்.

5. ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, சம்பளப் பாக்கி, பணிக்கொடை, நான்கையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். கோபமான ஒரு வார்த்தைகூட அதில் வேண்டாம். நாளை அதை ஒரு அதிகாரி படிப்பார்.

6. தனியாகப் போகாதீர்கள். ஒரே பள்ளியில் நாலு பேர் சான்றிதழ் மாட்டிக்கொண்டிருந்தால், நாலு பேரும் ஒரே நாளில் கேளுங்கள்.

கடைசியாக, என்னிடம் படித்தவர்களில் இன்று பள்ளி நடத்துபவர்களுக்கு. உங்களில் இரண்டு மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் வளர்ச்சியில் எனக்குப் பெருமை உண்டு, ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் வந்திருக்கிறேன். உங்கள் பீரோவில் இருக்கும் அந்தக் கவர்களை இந்தக் கோடை விடுமுறையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சம்பளம் சரியாக, தேதிக்குப் போடும் பள்ளியை விட்டு டீச்சர்கள் சுலபத்தில் போவதில்லை. பயத்தில் நிற்கிற டீச்சர் வகுப்பில் நிற்பார், பாடம் நடக்காது. இதற்காக என் மேல் வருத்தம் என்றால் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசலாம்.

மற்ற பிள்ளைகள் உங்கள் ஆர்டரையோ ஒப்பந்தத்தையோ கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தெரியும், அதைத்தானே முப்பது வருடத்துக்கு மேல் செய்தேன். வக்கீலிடம் போக வேண்டியதென்றால் அதையும் சொல்வேன். மாலை நாலு மணிக்கு மேல் போன் செய்யலாம்.

தெரிந்த டீச்சர்களுக்கு இதைப் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில வாத்தியார்,
ஸ்ரீமுஷ்ணம்.