வரிச்சலுகை இனிக்கிறது, வாக்குப்பெட்டி கசக்கிறதா?

இலங்கையில் ஒன்பது மாகாண சபைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. தனி வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்ததே ஒரே ஒரு முறைதான், 2013 செப்டம்பர் 21 அன்று. 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 அக்டோபரில் அந்தச் சபையின் ஆயுள் முடிந்தது. அன்று முதல் ஜனாதிபதி அனுப்பிவைக்கும் ஆளுநர் வைத்ததே சட்டம். கிழக்கில் 2017லேயே இந்தக் கதை தொடங்கிவிட்டது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

திருப்பூர் ராயபுரத்தில் பவர்டேபிள் தையல் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு யாழ்ப்பாணத் தேர்தலைப் பற்றிப் பேசுவானேன்? இனப்பற்று ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. இன்னொரு காரணம் நம் பனியன் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற சலுகையின் கீழ் இலங்கை ஆடைகளை வரியில்லாமல் உள்ளே விடுகிறது. நம் பனியனுக்கோ பல ஆண்டுகளாக 9.6 சதவீதம் வரி இருந்துவந்தது. ஆனால் அந்தச் சலுகை நிபந்தனை இல்லாமல் கிடைப்பதல்ல. 27 சர்வதேச உடன்படிக்கைகளைச் செயலில் காட்ட வேண்டும். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை அவற்றில் ஒன்று. 1980 ஜூனில் இலங்கை தானாக முன்வந்து இணைந்த உடன்படிக்கை இது. எல்லா மக்களினங்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்கிறது இதன் முதல் உறுப்பு. உரிய கால இடைவெளியில் மெய்யான தேர்தல் நடக்க வேண்டும் என்கிறது 25ஆம் உறுப்பு.

உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்ட மனித உரிமை மீறல்கள் காரணமாக 2010 ஆகஸ்டில் இந்தச் சலுகை பறிக்கப்பட்டது. உடன்படிக்கைகளின்படி நடந்துகொள்வோம் என்று வாக்குக் கொடுத்து 2017 மே மாதம் இலங்கை அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில், நான்கே மாதத்தில், மாகாண சபைத் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. புதிய கலப்பு முறை, அதற்குத் தொகுதி மறுவரையறை, அது முடியும்வரை தேர்தல் கிடையாது. மறுவரையறை அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறையை ஒழித்தாயிற்று, புதிய முறையைப் பிறக்கவிடவில்லை. அந்தச் செப்டம்பர் திருத்தத்துக்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கைதூக்கியது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தன் வீட்டுக் கதவைப் பூட்டத் தானே சாவி எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

விதி என்றால் என்னவென்று திருப்பூருக்குத் தெரியும். நொய்யல் ஆறு கெட்டது நம்மால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே உத்தரவில் ஊரே ஸ்தம்பித்தது, வேலை போனவர்கள் மூட்டை கட்டினார்கள், பூஜ்யக் கழிவு நிலையம் போட்டவர்கள்தான் மீண்டும் பட்டறை திறந்தார்கள். பையரின் ஆடிட்டர் வந்தால் அவசர வழியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தாலும் நம்மிடம் விளக்கம் கேட்கிறார்கள். ஒன்பது சபைகளை மூடிப்போட்ட நாட்டிடம் பிரஸ்ஸல்ஸ் கண்காணிப்புக் குழுவை அனுப்புகிறது, அறிக்கை எழுதுகிறது, திரும்பிப் போகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, சலுகையை மறுபரிசீலனை செய்யுமாறு 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றமே தீர்மானம் போட்டது. பலன் சொல்லும்படி இல்லை.

போட்டியாளன் வயிற்றெரிச்சல் என்பார்கள். சலுகையை நாளையே பிடுங்கு என்று நாம் கேட்கவில்லை. பிடுங்கினால் முதலில் அடிபடுவது கிளிநொச்சி ஆலைக்குத் தையலுக்குப் போகும் பெண்தான், கொழும்பு அமைச்சரல்ல. தேதி குறித்துக் கேள், அதைப் பகிரங்கமாகக் கேள் என்கிறோம்.

இப்போது கொழும்பில் இருப்பவர்களுக்குச் சாக்கே கிடையாது. 2024 நவம்பரில் 225க்கு 159 இடம் பிடித்த, ஜே.வி.பி. தலைமையிலான அரசு அது, யாழ்ப்பாணத்திலும் மூன்று இடம் வாங்கியது. ஓராண்டுக்குள் மாகாணத் தேர்தல் என்று அவர்கள் தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்த ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலை நடத்த முடிந்த கைகளுக்கு இதை மட்டும் ஏன் முடியவில்லை? பதில் கட்சியின் பழைய ஏடுகளில் இருக்கிறது. மாகாண சபைகளுக்கு வழிவகுத்த 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதம் ஏந்தி எதிர்த்தது ஜே.வி.பி. வடக்கு கிழக்கு இணைப்பை உடைக்க நீதிமன்றப் படியேறி 2006 அக்டோபரில் தீர்ப்பு வாங்கியதும் அதே ஜே.வி.பி.தான். தமிழர்கள் 1985இல் திம்புப் பேச்சுவார்த்தையில் வைத்தது தேசிய இனம், தாயகம், சுயநிர்ணயம், குடியுரிமை என்ற நான்கு கோரிக்கைகள். கிடைத்தது அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் அரைகுறை மாகாண சபை. அதுவும் இப்போது பூட்டிக் கிடக்கிறது.

சுயநிர்ணயம் தமிழர் மட்டும் கேட்பதல்ல. ஆப்பிரிக்காவின் கொம்பில் எத்தியோப்பியா, எரித்திரியா, ஜிபூட்டி என்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும் அஃபார் மக்களும் இதே உரிமையைத்தான் கேட்கிறார்கள். எத்தியோப்பியாவின் 1995 அரசியல் சட்டம் பிரிந்துபோகும் உரிமையையே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. இலங்கையின் ஆறாம் திருத்தமோ தனிநாடு கேட்பதையே 1983 முதல் குற்றமாக்கி வைத்திருக்கிறது. அதற்குள் அடங்கி நின்று ஒரு மாகாணத் தேர்தல் கேட்பதற்கே இத்தனை ஆண்டுகள் காத்திருப்பு.

டெல்லிக்கும் கண்டனம் உண்டு. 1979இல் இதே உடன்படிக்கையில் சேரும்போது, சுயநிர்ணயம் அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட மக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று விளக்கக் குறிப்பு எழுதியது இந்தியா. அந்தக் கூச்சம்தான் கொழும்பில் டெல்லியின் நாக்கைக் கட்டிப்போடுகிறது. 2025 ஏப்ரலில் நம் பிரதமர் மாகாணத் தேர்தல் பற்றிப் பேசினார், நல்லது. 1987இல் கையெழுத்திட்ட நாடு பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கொழும்பு செய்ய வேண்டியது இதுதான்: பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்து, தேதியை அறிவிக்க வேண்டும். இப்போதைய ஐரோப்பிய வரிச்சலுகை விதிக்குக் குறிக்கப்பட்ட கெடு 2027 டிசம்பர் 31. அதற்கு முன் வடக்கிலும் கிழக்கிலும் வாக்கு எண்ணி முடிந்திருக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் தன் அடுத்த கண்காணிப்பு அறிக்கையில் இந்தத் தேதியை எழுதட்டும், டெல்லி அதைத் தூதரக மட்டத்தில் எழுத்துமூலம் வற்புறுத்தட்டும்.